மூன்று கரண்டி சூப்

ஜூன் 2
நான்காம் வார்டு, ஜன்னலோரக் கட்டில்

அன்புள்ள அக்காவுக்கு,

ஒன்பது தடவை போன் செய்தேன். ஒன்பது தடவையும் என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். வை, எனக்கென்ன. கடிதத்தை அப்படி வைக்க முடியாதே! கிழிக்கலாம், ஆனால் நீ கிழிக்க மாட்டாய். காலிப் பால் கவரைக்கூடக் கழுவிக் காயவைக்கிற ஆள் நீ. எங்கள் டிப்போ கண்டக்டர் தினமும் உன் ஊர் வழியாகத்தான் போகிறார். உன் மில் கேன்டீன் வாசலிலேயே பஸ்ஸை நிறுத்தி இதைக் கொடுப்பார். நீ வெளியே வரும்வரை ஹாரன் அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த மாதம் 28-ம் தேதி என்னை இங்கிருந்து அனுப்புகிறார்கள். எங்கே அனுப்புவது என்பதில்தான் சண்டை.

என் குடலில் மிச்சம் இருப்பது ஒரு முழம் தேறாது. மூன்றரை மாதமாக என் வாய்க்குள் எதுவும் போகவில்லை. வலது பக்கம், கழுத்தடியில் இருக்கும் காறை எலும்புக்குக் கீழே ஒரு மெல்லிய குழாய் வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் பால் நிறத்தில் இரண்டு லிட்டர் பையை அதில் மாட்டினால் காலைக்குள் இறங்கிவிடும். அதுதான் என் மூன்று வேளை. பகலில் பை கிடையாது. எழுந்து நடக்கிறேன், மாடிப்படி ஏறுகிறேன், பக்கத்துக் கட்டில்காரியோடு சண்டை போடுகிறேன். எடை நான்கு கிலோ கூடியிருக்கிறது.

வீட்டுக்குப் போகலாம் என்கிறார் பெரிய டாக்டர். ஆனால் என்னைத் தவிர இன்னொருவருக்கும் பை மாட்டத் தெரிந்திருக்க வேண்டுமாம். எனக்குக் காய்ச்சல் வந்து கை நடுங்கினால் யார் மாட்டுவது? அந்த ஆள் இங்கே வந்து, தலைமை நர்ஸ் முன்னால் செய்துகாட்டித் தேற வேண்டும். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சோப்பு சிஸ்டர். யார் கையைப் பார்த்தாலும் "கழுவினீங்களா?" என்பார். அழுக்குக் கை குழாயைத் தொட்டால் கிருமி நேரே ரத்தத்தில் இறங்கிவிடும்.

ஆள் இல்லையென்றால் பராமரிப்பு இல்லம். ஊருக்கு வெளியே இருக்கும் மஞ்சள் கட்டடம். அங்கே டிவி சத்தத்தைக் குறைக்கவும் மனு கொடுக்க வேண்டுமாம். எனக்கு முப்பத்தெட்டு வயது, அக்கா. மலைப்பாதையில் ஐம்பது பேரை வைத்துப் பஸ் ஓட்டியவள். ஸ்டியரிங் இப்போதைக்கு இல்லை, ஆனால் பஸ் போய்வரும் நேரம் குறிக்கிற டைம் ஆபீஸில் நாற்காலி காலியாக இருக்கிறது என்று டிப்போ மேனேஜர் சொல்லிவிட்டார். அந்த நாற்காலியில் உட்காராமல் மஞ்சள் கட்டடத்தில் போய் உட்கார நான் தயாராக இல்லை.

எனக்கு இருப்பது நீ ஒருத்திதான். வேறு யாராவது இருந்தால் உன்னிடம் கேட்டிருக்க மாட்டேன். திமிர் எனக்கும் உண்டு.

வருகிறாயா இல்லையா?

தங்கை


ஜூன் 6
கேன்டீன்

அடங்காப்பிடாரிக்கு,

உன் கண்டக்டர் அடித்த ஹாரனில் மில்லே வெளியே வந்து நின்றது. மானம் போயிற்று.

நான் வர மாட்டேன்.

பிப்ரவரி 22-ம் தேதி பதினெட்டுக் கட்டிலும் பார்க்க நீ என்ன கத்தினாய்? "நீதான் என்னைக் கொன்னுட்டே. இனிமே என் மூஞ்சியில முழிக்காதே." சொன்னபடியே நான் முழிக்கவில்லை. இப்போது ஆள் தேவை என்றதும் அக்கா ஞாபகம் வருகிறதோ?

நீ சொன்னதில் தப்பும் இல்லை. ஆபரேஷன் ஆன நாலாம் நாள். கட்டில் தலைமாட்டில் 'வாய்வழி எதுவும் கூடாது' என்று பலகை தொங்கியது. நான்தான் அதன்மேல் துண்டைப் போட்டு மறைத்தேன். மூன்று கரண்டி சூப் கொடுத்தேன். மறுநாள் உனக்குக் காய்ச்சல். அதற்கு மறுநாள் போட்ட தையல் பிய்ந்து மறுபடி ஆபரேஷன். இருந்த கொஞ்சக் குடலையும் எடுத்துவிட்டார்கள். இதில் விசாரிக்க என்ன இருக்கிறது?

அது போகட்டும். குழாயில் ஊற்றுவதெல்லாம் சாப்பாடா? வண்டிக்கு டீசல் ஊற்றுகிற மாதிரி! வாயில் வைத்து, மென்று, ருசித்து, வயிறு நிறைந்தால்தான் சாப்பாடு. பதினேழு வருஷமாகத் தினம் நானூறு பேருக்குச் சமைத்துப் போடுகிறேன். என்னிடம் வந்து ஒரு பால் பையைச் சாப்பாடு என்று சொல்லாதே. என் கையால் அதை உனக்கு மாட்ட மாட்டேன். அந்த இல்லத்தில் படித்தவர்கள் இருப்பார்கள், தெரிந்து செய்வார்கள். அங்கேயே போ.

இங்கே எனக்கு வேறு தலைவலி. உப்பு சரியில்லையாம். ஒருநாள் கூடுதலாம், ஒருநாள் சப்பென்று இருக்கிறதாம். பதினேழு வருஷத்தில் இல்லாத புகார். சூப்பர்வைசர் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கே வந்துவிட்டார். நாக்கு செத்தவர்களுக்கெல்லாம் சமைத்துப் போடுவது என் தலையெழுத்து.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூன் 9

அக்கா,

நான்கு நாள் கழித்துப் பதில். அதிலும் பாதி உப்பு! இருக்கட்டும். நீ வர மாட்டேன் என்றாய், நான் விட மாட்டேன் என்கிறேன். யார் ஜெயிப்பது, பார்க்கலாம்.

முதலில் நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சூப் கேட்டது நான். "அக்கா, தொண்டை காயுது, பசி உயிர் போகுது, ஒரே ஒரு கரண்டி" என்று அழுதேன். நீ முதலில் மாட்டேன் என்றாய். நான் கட்டில் கம்பியில் தலையை முட்டிக்கொண்டேன். அப்புறம்தான் பலகையில் துண்டைப் போட்டாய். இதைப் பதினெட்டுக் கட்டிலிடமும் நான் சொல்லவில்லை, உன்மேல் பழியைப் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டேன். மன்னித்துக்கொள்.

இரண்டாவது இதைவிடப் பெரிது. வீட்டுக்கு அனுப்புவதற்காக என் ஃபைலைத் தூசி தட்டினார்கள். நான் அதை வாங்கிப் படித்தேன். கொடுக்கவே மாட்டேன் என்றார்கள், என் உடம்பு என் ஃபைல் என்று சத்தம் போட்டு வாங்கினேன். இரண்டாவது ஆபரேஷனில் வெட்டியெடுத்த துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அறிக்கை இரண்டு வாரம் கழித்து வந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை, அதனால் யாரும் சொல்லவில்லை. அதில் எழுதியிருப்பது இது: தையல் போட்ட இடத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் மறுபடியும் ஒரு ரத்தக் கட்டி அடைத்திருக்கிறது. ரத்தம் போகாததால் சதை செத்து, தையல் பிடிக்காமல் பிய்ந்தது. பெரிய டாக்டரிடம் நேராகவே கேட்டேன், "சூப் குடிச்சதுனாலயா?" அவர் சிரிக்காமல் சொன்னார்: "நீங்க ஒரு சொட்டுத் தண்ணிகூடக் குடிக்காம இருந்திருந்தாலும் அது பிஞ்சிருக்கும்மா."

நீ நம்ப மாட்டாய் என்று தெரியும். அதனால் விவரமாக எழுதுகிறேன். இங்கே மூன்றரை மாதம் சும்மாவா படுத்திருந்தேன்? வருகிற டாக்டர் ஒருவரையும் விடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறேன். என்னைக் கண்டாலே இப்போது ஓடுகிறார்கள்.

சாப்பாடு வயிற்றோடு முடிவதில்லை, அக்கா. வயிறும் குடலும் அதைக் கரைக்கும் இடம். கரைந்தபின் சர்க்கரையும் புரதச் சத்தும் குடல் சுவரில் இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்களுக்குள் ஏறிக்கொள்ளும். அங்கிருந்து நேரே கல்லீரல். உன் ஸ்டோர் ரூம் மாதிரி, வந்த சரக்கைப் பார்த்து, கொஞ்சம் எடுத்து வைத்து, மிச்சத்தை அனுப்பும். அடுத்து இதயம். இதயம் அதை நுரையீரலுக்கு அனுப்பிக் காற்று ஏற்றி வாங்கி, பெரிய குழாயில் தள்ளும். பெரிய குழாய் கிளை விடும், கிளை மறுபடி கிளை விடும். கடைசியில் தலைமுடியைவிட மெல்லிய குழாய்கள். அதில் ரத்த அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக முடியும். சத்து இறங்குவது அங்கேதான். குழாயின் சுவர் வழியாகக் கசிந்து, பக்கத்தில் இருக்கும் சதைக்கும் எலும்புக்கும் மூளைக்கும் போய்ச் சேரும். குப்பையை ஏற்றிக்கொண்டு ரத்தம் திரும்பும். ஒரு சுற்றுக்குச் சுமார் ஒரு நிமிஷம். எங்கள் டிப்போவில் எந்த வண்டியும் இந்த நேரத்துக்கு ஓடியது கிடையாது.

இப்போது கவனி. குடல் உடம்புக்கெல்லாம் சோறு ஏற்றி அனுப்புகிறது. ஆனால் அந்தக் குடலுக்கே சோறு போடுவதும் ரத்தம்தான். அதற்கென்று தனிக் குழாய் இருக்கிறது. பிப்ரவரியில் எனக்கு அடைத்தது அந்தக் குழாய்தான். வலி பிடுங்கியபோது இண்டிகேட்டர் போட்டு, நிறுத்தத்தில் ஒழுங்காக ஓரம்கட்டி, நாற்பத்து மூன்று பேரையும் இறக்கிவிட்டுத்தானே விழுந்தேன்? முதல் ஆபரேஷனுக்குக் காரணம் அந்த அடைப்புதான். இரண்டாவதுக்கும் அதே மாதிரி அடைப்புதான். உன் கரண்டி இல்லை.

எனவே என்னைக் கொன்றது நீ இல்லை. முதலில், நான் சாகவே இல்லை. அதைக் கவனித்தாயா?

தங்கை


ஜூன் 13

வாயாடிக்கு,

மூன்று முறை படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். டாக்டருக்குப் படித்திருக்கலாம்.

ஆனால் நான் பச்சைக் குழந்தை இல்லை. உனக்கு வீட்டுக்குப் போக ஆள் வேண்டும். ஆள் வர வேண்டுமென்றால் அவள் மனசு ஆற வேண்டும். அதற்கு ஒரு அறிக்கை, ஒரு டாக்டர், ஒரு கட்டி. சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகாமல் இருக்க வயிற்று வலி என்று சொல்லி, வலி எங்கே என்று படம் போட்டே காட்டியவள் நீ. எனக்குத் தெரியாதா உன்னை?

அப்படியே நிஜம் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு கேள்வி. எண்ணெய் தண்ணீரில் கலக்காது. ரத்தம் தண்ணீர் மாதிரிதானே? அப்படியென்றால் நான் போடுகிற எண்ணெயும் வெண்ணெயும் ரத்தத்தில் எப்படிப் போகும்? மேலே மிதக்காதா? இதற்குப் பதில் சொல். சொல்லத் தெரியாவிட்டால் மற்றதெல்லாம் கதை.

சாப்பாடு போட்டே ஒருத்தியைப் படுக்கவைத்த கை இது. அதை உன் நெஞ்சுக்குப் பக்கத்தில் குழாய் சொருக வரச் சொல்கிறாயே, உனக்குப் பயமில்லையா? எனக்கு இருக்கிறது. எழுதிவிட்டேன், போதுமா?

உப்புப் புகார் இன்னும் ஓயவில்லை. நேற்று மூன்றாம் அடுப்புப் பக்கம் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். வெயில்தான். வெங்காயம் நறுக்குகிறவள் என் ஏப்ரன் நாடாவை இரண்டு சுற்று சுற்றிக் கட்டிவிட்டு, "என்னக்கா, நாடா நீளமாயிடுச்சா?" என்று சிரிக்கிறாள். வேலையைப் பார் என்று விரட்டினேன்.

வர முடியாது. இல்லத்துக்கே போ.

அக்கா


ஜூன் 15

அக்கா,

உன் கேள்விக்குப் பதில் இதோ. கேட்டுவிட்டு வாயைப் பிளக்காதே.

கொழுப்பு மற்றவைபோல நேராக ரத்தத்தில் ஏறாது. நீ சொன்னது சரிதான், கலக்காது. அதனால் குடல் அதைச் சின்னச் சின்ன உருண்டையாக்கி, மேலே ஒரு உறை போட்டு, வேறொரு தனிக் குழாயில் அனுப்புகிறது. அது முதுகெலும்பு ஓரமாக மேலே ஏறிப் போகிறது. எங்கே போய் ரத்தத்தில் சேருகிறது தெரியுமா? கழுத்துக்குக் கீழே, காறை எலும்புக்கு அடியில் ஓடும் பெரிய ரத்தக் குழாயில். அங்கிருந்து இதயத்துக்கு நாலு விரல் தூரம். உன் நானூறு பேருக்கும் அப்படித்தான். சூப்பர்வைசர் தின்ற வெண்ணெயும் அங்கேதான் போய் விழுகிறது.

என் குழாய் எங்கே இருக்கிறது? அதே காறை எலும்புக்கு அடியில். அவர்களுக்கு இடது பக்கம், எனக்கு வலது பக்கம். இரண்டும் சேருகிற இடம் ஒன்றுதான். பை ஏன் பால் நிறம் என்று நினைத்தாய்? உருண்டை உருண்டையாகக் கொழுப்பைக் கலந்து வைத்திருக்கிறார்கள். எல்லோரும் சுற்றிப் போகிற வழியில் நான் குறுக்கே ஏறிக்கொள்கிறேன், அவ்வளவுதான். டீசலாம் டீசல்! இனி அந்த வார்த்தை சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

சரி, என் கேள்விக்கு இப்போது நீ பதில் சொல்.

உப்பு ஏன் தப்புகிறது? பதினேழு வருஷத்தில் தப்பாதது. நீ ஒவ்வொரு பாத்திரத்திலும் கரண்டியை விட்டு, உள்ளங்கையில் ஊற்றி, நக்கிப் பார்த்து, "ம்ம், இறக்கு" என்பாயே. அதை எப்போது நிறுத்தினாய்? ஏப்ரன் நாடா இரண்டு சுற்று வருகிறதாம். தலை சுற்றுகிறதாம். ஜூன் மாத வெயில் பதினேழு வருஷமாக அடிக்கவில்லையா?

நீ சாப்பிடுவதில்லை. பிப்ரவரியிலிருந்து வாயில் ருசி என்று எதுவும் வைப்பதில்லை. அடுத்தவளுக்கு எழுதுகிற கடிதத்திலேயே மாட்டிக்கொண்டாய், பார்த்தாயா?

"சமைக்கிறவ எல்லாருக்கும் போட்டுட்டுக் கடைசியிலதான் உக்காரணும்" என்பாய். இப்போது உட்காருவதே இல்லை. இதயத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன், கேள். அதற்குள்ளேயே அத்தனை ரத்தமும் ஓடுகிறது, ஆனாலும் உள்ளே ஓடுவதை அது தொட முடியாது. அதற்கும் தனிக் குழாய் உண்டு. பெரிய குழாய் வெளியே வந்ததும் பிரிகிற முதல் கிளையே இதயத்துக்குத்தான். மூளைக்கும் முன்னால். ஊருக்கெல்லாம் போடுகிறவள் முதல் பங்கைத் தான் எடுத்துக்கொள்கிறாள். அதுவும் எப்போது? இறுக்கிப் பிழிகிற நேரத்தில் பெரும்பாலும் ரத்தம் அதற்குள் போகாது. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் தளர்ந்து ஓய்கிறதே, அந்த நேரத்தில்தான் அது சாப்பிடுகிறது. இப்படிச் சாப்பிடாமல் ஒரு இதயம் ஒருநாள் ஓடிக் காட்டட்டும்.

குடல் இல்லாத நான் எடை கூடுகிறேன். குடல் முழுசாக இருக்கிற நீ கரைகிறாய். வெட்கமாக இல்லையா?

18-ம் தேதி ஞாயிறு. சோப்பு சிஸ்டர் டியூட்டியில் இருக்கிறார். பத்து மணிக்கு நீ வரவில்லையென்றால் நானே குழாயோடு பஸ் ஏறி உன் கேன்டீன் வாசலில் வந்து உட்காருவேன். நான் செய்வேன் என்று உனக்குத் தெரியும்.

தங்கை


ஜூன் 19

அக்கா,

வந்தாய். அதற்கு நன்றி. சொல்லாமல் ஓடினாயே, அதற்குத் திட்டு.

நான் சிரித்தது உன்னைப் பார்த்து இல்லை. சத்தியமாக இல்லை. இரண்டு நிமிஷம், நகக்கண், விரலிடுக்கு, மணிக்கட்டு எல்லாம் அப்படிக் கழுவினாய். பயிற்சிக்கு வந்த நர்ஸ்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். சோப்பு சிஸ்டரே, "இந்த மாதிரிக் கழுவி நான் பார்த்ததில்லை" என்றார். அப்புறம் அந்தக் கழுவிய கையை இரண்டு பக்கமும் இடுப்பில் 'சர்' என்று துடைத்தாயே! அங்கே ஏப்ரன்கூட இல்லை, பஸ்ஸில் உட்கார்ந்து வந்த உடுப்பு!

மறுபடி கழுவினாய். மறுபடி துடைத்தாய். மூன்றாம் தடவையும்.

"பதினேழு வருஷக் கை சிஸ்டர், அது சொன்ன பேச்சு கேக்காது" என்று சொன்னபோது உன் முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் எனக்குப் பிடிக்கவில்லை. 'சொன்னேனே, இந்தக் கை ஆகாது' என்கிற முகம். தோற்றதில் உனக்கு ஒரு நிம்மதி இருந்தது, அக்கா. அதைத்தான் நான் மன்னிக்க மாட்டேன்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு இல்லத்துப் படிவத்தை நீட்டினார். "அக்காவுக்கு வராதும்மா, கஷ்டப்படுத்தாதீங்க" என்றார். பேனாவை அவர் பையிலேயே திருப்பிச் சொருகிவிட்டேன். 25-ம் தேதி ஞாயிறு இன்னொரு வாய்ப்பு வாங்கியிருக்கிறேன். அதுதான் கடைசி.

வா. வராவிட்டாலும் கையெழுத்துப் போட மாட்டேன். 28-ம் தேதி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்வேன், கட்டிலோடு தூக்கிக்கொண்டு போகட்டும்.

தங்கை


ஜூன் 21

தங்கச்சி,

நிம்மதி இருந்தது. ஒளிக்க என்ன இருக்கிறது? நமக்கு வராது என்று ஆகிவிட்டால் பொறுப்பு இல்லையே.

நீ கேட்டதற்கும் பதில் எழுதிவிடுகிறேன். ஆமாம், ருசி பார்ப்பதை நிறுத்திவிட்டேன். கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனால் உன் வாய் தெரிகிறது. நாலு நாள் காய்ந்த உதடு. சூப் உள்ளே போனதும் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாயே, அந்தச் சிரிப்பு தெரிகிறது. அப்புறம் எனக்கு இறங்காது. ரொட்டியைத் தண்ணீரில் நனைத்து விழுங்கிவிட்டு வேலையைப் பார்ப்பேன். யாருக்கும் சொல்லவில்லை. நீ எப்படிப் பிடித்தாய், பிசாசே!

நேற்று இங்கே ஒன்று நடந்தது. மூன்றாம் அடுப்பில் பருப்பு வேகவில்லை. பதினொரு மணி ஆகியும் கல் மாதிரி கிடக்கிறது. அந்த அடுப்பைப் பார்ப்பவள் புதிதாக வந்தவள். "என்னத்தைப் போட்டுத் தொலைச்சே? ஊறவைக்காம போட்டியா?" என்று நானூறு பேர் காதில் விழுகிற மாதிரி கத்தினேன். அவள் அழுதுகொண்டே நின்றாள். பாத்திரத்தை இறக்கிப் பார்த்தால் தீ இல்லை. பின்னால் போய்ப் பார்த்தால் மாவு மூட்டை சரிந்து கேஸ் டியூப்பின் மேல் கிடக்கிறது. டியூப் நசுங்கி, வர வேண்டியது வரவில்லை. பருப்பில் ஒரு குற்றமும் இல்லை. அவள் போட்டதிலும் இல்லை.

மூட்டையை நகர்த்திவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உன் கடிதம் ஏப்ரன் பையில்தான் இருந்தது. எடுத்து அந்த இடத்தை மட்டும் மறுபடி படித்தேன். ரத்தம் போகாததால் சதை செத்து.

அந்தப் பெண்ணிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். பதினேழு வருஷத்தில் முதல் தடவை. அவள் இன்னும் மிரண்டுபோய்த்தான் இருக்கிறாள்.

25-ம் தேதி வருகிறேன். கை சொன்ன பேச்சு கேட்காதாம், பார்த்துவிடுகிறேன். இன்றிலிருந்து ஏப்ரன் கட்டவில்லை. இடுப்பைச் சுற்றிக் கோதுமை மாவைப் பூசிக்கொண்டேன். துடைத்தால் உள்ளங்கை வெள்ளை, கையும் களவுமாகப் பிடிபடுவேன். "அக்கா, துடைச்சே!" என்று கத்த ஐந்து பேரை நிறுத்தியிருக்கிறேன். காலையில் இருபத்தாறு தடவை கத்தினார்கள். சாயங்காலம் பதினொன்று. சூப்பர்வைசர் வந்து எனக்குப் பைத்தியமா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இல்லத்துப் படிவத்தில் நீ கையெழுத்துப் போட்டாய் என்று கேள்விப்பட்டால் தெரியும் சேதி.

அக்கா


ஜூன் 26

என் தேறிய அக்காவுக்கு,

நேற்று நீ கைகளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் முழங்கையில் சொட்டச் சொட்ட, காற்றில் உலரும்வரை சிலைபோல நின்றாயே, வார்டே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. உன் விரல் இரண்டு தடவை இடுப்புப் பக்கம் துடித்ததை நான் பார்த்தேன். போகவில்லை. மூடியைக் கழற்றினாய், குழாய் முனையை மருந்துப் பஞ்சால் துடைத்தாய், பையை மாட்டினாய், உள்ளே காற்றுக் குமிழி இருக்கிறதா என்று பார்த்தாய். சோப்பு சிஸ்டர் தாளில் டிக் போட்டபோது பக்கத்துக் கட்டில்காரி கைதட்டினாள். எங்கள் சண்டை அதோடு முடிந்தது.

இல்லத்துப் படிவத்தை டாக்டர் என் கண் முன்னால் கிழித்தார். இன்னும் சின்னதாகக் கிழியுங்கள் என்றேன்.

இன்று காலை வந்து இன்னொன்று சொன்னார். உள்ளே எல்லாம் ஆறிவிட்டது. இன்றிலிருந்து தினம் மூன்று கரண்டி விழுங்கலாம், தெளிந்த சூப் மட்டும். உடம்பில் ஒட்டாது, பசியும் தீராது. வாய்க்காக, நாக்குக்காக. உயிரை எப்போதும்போலப் பைதான் பார்த்துக்கொள்ளும்.

உடனே ஒரு நர்ஸ் கிண்ணத்தோடு வந்துவிட்டாள். ஆவி பறக்கிறது. நாலு மாதம் ஆகிறது, அக்கா. வாசனையில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் கரண்டியை நீட்டினாள்.

நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"என்னம்மா, வேண்டாமா?" என்றாள். வேண்டும், ஆனால் இது வேண்டாம் என்றேன். என் அக்கா கையால் மூன்று கரண்டி குடித்தேன், அதன்மேல் அநியாயமாகப் பழி போட்டேன். மறுபடி ஆரம்பிப்பதானால் அங்கிருந்துதான் ஆரம்பிப்பேன் என்றேன். அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

28-ம் தேதி என்னைக் கூட்டிப் போக வரும்போது அதே சூப். அதே கரண்டி. தூக்கி எறிந்திருந்தால் தேடி எடு.

தங்கை


ஜூன் 27

தங்கச்சிக்கு,

கண்டக்டர் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்.

கரண்டியை எறியவில்லை. எறிய மனசு வரவில்லை, பார்க்கவும் முடியவில்லை. காகிதத்தில் சுற்றி மேல் அலமாரியில் டப்பாக்களுக்குப் பின்னால் தள்ளியிருந்தேன். இன்று எடுத்துத் தேய்த்துவிட்டேன். கழுவிய கையை எங்கேயும் துடைக்கவில்லை, கவலைப்படாதே.

ஜன்னல் பக்கம் உன் கட்டிலைப் போட்டாயிற்று. பை மாட்ட ஆணி அடித்தாயிற்று. எதிரே ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். உனக்கு மாட்டிவிட்டு நான் என் தட்டோடு அதில் உட்காருவேன். முதல் பங்கு எனக்கு, நீ சொன்னபடி. என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் அடி விழும்.

சூப்பை இன்றே ஒரு தடவை வைத்துப் பார்த்தேன். நாளைக்குக் காலையில் புதிதாக வைத்து ஃபிளாஸ்க்கில் கொண்டுவருகிறேன். நீ உப்பைப் பற்றி வாய் திறக்க வேண்டாம்.

உப்பு நானே பார்த்துவிட்டேன்.

அக்கா